ஜெபக்குறிப்பு ஊர்ப்பேச்சு ஆகும்போது

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். வேலைக்காகச் சென்னைக்கு வந்தவள் நான். ஞாயிறுதோறும் ஒரு பெரிய சபைக்குப் போகிறேன். மூன்று ஆராதனையிலும் இடம் கிடைக்காது, அவ்வளவு கூட்டம். செய்தி நன்றாக இருக்கும். பஸ்ஸில் போகும்போது யூடியூபிலும் செய்தி கேட்கிறேன், வேதம் வாசிக்கிறேன். ஆனாலும் என் கோபம், கூட வேலை செய்பவள்மேல் வரும் பொறாமை, அண்ணனோடு உள்ள மனக்கசப்பு எதுவும் குறையவில்லை. சபையில் செல் குரூப்பில், அதாவது வாரந்தோறும் கூடி ஜெபிக்கும் சின்னக் குழுவில், சேரச் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஊரில் அம்மா ஜெபக்குறிப்பாகச் சொன்ன வீட்டு விஷயம் அடுத்த ஞாயிறே ஆலயத்து வாசலில் பேச்சாகிவிட்டது. எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இன்னும் நாலு பேர் அவசியமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உன் அம்மாவுக்கு நடந்தது அநியாயம். இப்படிப் புண்பட்டவர்களிடம் "மனுஷரைப் பார்க்காதே, கர்த்தரைப் பார்" என்று சொல்லிவிட்டுப் போவது நம் சபைகளில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம்பிச் சொன்னதை வெளியே விட்டவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். உன் பயம் அவிசுவாசம் இல்லை.

ஆனாலும் உன் கேள்விக்கு என் பதில், அவசியம் என்பதுதான். நாலு பேர்கூட வேண்டாம், இரண்டு பேர் போதும்.

நீ எழுதிய மூன்றையும் பார். கோபம், பொறாமை, அண்ணன். மூன்றுமே இன்னொரு மனிதரோடு சம்பந்தப்பட்டவை. பிரசங்கம் எது சரி என்று சொல்லும். புதன்கிழமை சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு "அண்ணனோடு பேசினாயா?" என்று அது கேட்காது. பன்னிரண்டு சீஷர்களை இயேசு ஏற்படுத்தியதற்கு மாற்கு சுவிசேஷம் முதலில் சொல்லும் காரணம், "தம்மோடுகூட இருக்கவும்" என்பது. பிரசங்கம்பண்ண அனுப்புவது அதற்கு அப்புறம்தான். கூடவே இருந்ததால்தான், யார் பெரியவன் என்று வழியில் அவர்கள் போட்ட சண்டை அவருக்குத் தெரிந்தது. கப்பர்நகூமில் வீட்டுக்கு வந்ததும், வழியில் எதைப் பற்றித் தர்க்கம்பண்ணினீர்கள் என்று கேட்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. மலைப்பிரசங்கத்தைக் கேட்ட சீஷர்களுக்கே அப்படி ஒரு கேள்வி தேவைப்பட்டது.

இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி என்ற போதகர் நடத்திய எழுப்புதலில் உருவானவர்கள் மெதடிஸ்டுகள். அவர்கள் வரலாற்றிலும் இதைப் பார்க்கலாம். 1742 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரில் வெஸ்லியின் ஆட்கள், நியூ ரூம் என்ற தங்கள் கட்டிடத்தின் கடனை எப்படி அடைப்பது என்று கூடிப் பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் கேப்டன் ஃபோய் என்பவர். எல்லாராலும் முடியாதே என்று ஒருவர் சொன்னதும், "மிக ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் போடுகிறேன்" என்றார். இப்படி ஒவ்வொரு பொறுப்பாளரும் பதினொரு வீடு ஏறி இறங்கினார்கள். காசு வாங்கப் போன இடத்தில் ஒருவன் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான், இன்னொருவன் குடித்திருந்தான். கேள்விப்பட்ட வெஸ்லிக்கு, தான் வெகுநாளாகத் தேடியது இதுதான் என்று பட்டது. வீடு வீடாகப் போவது சிரமமானபோது, பன்னிரண்டு பேரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடினார்கள். மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டம் பிறந்தது இப்படித்தான்.

அதற்கு முன்பே, 1738 டிசம்பரில், இன்னும் சிறிய குழுக்களுக்கென்று வெஸ்லி விதிகள் எழுதியிருந்தார். ஆண்கள் தனி, பெண்கள் தனி, மணமானவர் தனி, ஆகாதவர் தனி. சேரவருகிறவரிடம், உன் குறைகளை மற்றவர்கள் எடுத்துச் சொல்ல விரும்புகிறாயா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கூடும்போது ஒருவர் தன் நிலையைத் தானே முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் மற்றவர்களைக் கேட்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விதி. யாக்கோபு எழுதியதும் "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்றுதானே? ஒருவரே எப்போதும் கேட்டுக்கொண்டிருக்க, மற்றவர்கள் எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பது அதில் அடங்காது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்கள் குழு இருக்கிறது. வியாழக்கிழமை இரவு, சமையல் முடித்துவிட்டு ஒரு வீட்டு மாடியில் கூடுவார்கள். ஆறு பேர். ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். இடப்பக்கம் ஜெபக்குறிப்பு எழுதுவார்கள், ஆனால் யாருடையது என்று பெயர் போடுவதில்லை. வலப்பக்கத்தைக் காலியாக விட்டு, என்ன ஆயிற்று என்பதைப் பிறகு எழுதுவார்கள். அதில் ஒரு பெண், நகை விஷயத்தில் ஓரகத்தியோடு பேச்சை நிறுத்தியிருந்தார். வீட்டுக்கார அக்கா வாராவாரம், "பேசினீங்களா?" என்று கேட்பார். ஒரு நாள் அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்து, "இனிமே கேட்காதீங்க அக்கா" என்று சொல்லிவிட்டார். "சரிம்மா, கேட்கல. ஜெபம் மட்டும் பண்றேன். எனக்கும் என் மருமகளோட இதே கஷ்டம்தான், நீயும் பண்ணு" என்றார் அக்கா. அதற்கு அடுத்த வாரம், யாரும் கேட்காமலே, "போன் பண்ணிட்டேன்" என்று அந்தப் பெண் சொன்னார். வலப்பக்கத்தில் தேதியை மட்டும் எழுதினார்கள்.

இந்த நெருக்கம் தப்பான கையில் போனால் உன் அம்மாவுக்கு நடந்ததைவிடப் பெரிய கேடு வரும் என்பதையும் சொல்ல வேண்டும். 1970-களில் அமெரிக்காவில் ஃபோர்ட் லாடர்டேல் நகரை மையமாகக் கொண்ட ஐந்து போதகர்கள், ஒவ்வொரு விசுவாசிக்கும் சொந்தமாக ஒரு மேய்ப்பர் வேண்டும் என்று போதித்தார்கள். நம் ஊரில் பலர் வாசிக்கும் டெரக் பிரின்ஸும் அவர்களில் ஒருவர், பிறகு விலகிவிட்டார். தொடங்கியபோது நோக்கம் நல்லதுதான். ஆனால் யாரைக் கல்யாணம் செய்வது, எந்த வேலைக்குப் போவது என்பதற்கெல்லாம் மேய்ப்பரிடம் அனுமதி கேட்கும் நிலை வந்தது. குடும்பங்கள் நொறுங்கின. ஐவரில் ஒருவரான பாப் மம்ஃபோர்ட் 1989-இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மேய்ப்பனை யாரும் கேள்வி கேட்க முடியாமல் போனதுதான் அங்கே கோளாறு என்று நினைக்கிறேன்.

ஆகவே செல் குரூப்புக்குப் போ. ஆனால் போன உடனே மனதைத் திறந்துவிடாதே. முதல் சில வாரம் சும்மா உட்கார்ந்து கவனி. வராத ஆளைப் பற்றி "அவங்களுக்காக ஜெபிக்கணும்" என்று தொடங்கி அவர்கள் வீட்டுக் கதை முழுவதும் ஓடுகிறதா? அப்படியென்றால் நீ வராத வாரம் உன் கதை ஓடும். எழுந்து வந்துவிடு. நடத்துகிறவர் தன் குறையை எப்போதாவது தன் வாயால் சொல்கிறாரா? நீ "இதைப் பற்றி இப்போது பேச விருப்பமில்லை" என்றால் விட்டுவிடுகிறார்களா, துருவுகிறார்களா? இவை சரியாக இருந்தால் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிப் பார். அது அந்த அறையோடு நின்றால் அடுத்ததைச் சொல்லலாம். அண்ணன் விஷயம் அதற்கப்புறம்.

குரூப் சரிவரவில்லை என்றால், சபையில் உனக்கு மரியாதை உள்ள ஒரு மூத்த சகோதரியிடம், மாதம் இரண்டு முறை உன்னோடு உட்கார்ந்து ஜெபிக்க முடியுமா என்று நீயே போய்க் கேள். வேதத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதி அப்பொல்லோ என்ற பிரசங்கிக்குச் செய்தது அதுதான். ஜெப ஆலயத்தில் அவன் பேசியதைக் கேட்டார்கள், குறை இருப்பதைக் கண்டார்கள். எல்லார் முன்பும் திருத்தாமல், தங்களோடு சேர்த்துக்கொண்டு விவரித்துச் சொன்னார்கள். இப்படிச் செய்யத் தயாராக இருக்கும் மூத்தவர்கள் நம் சபைகளில் நிறைய உண்டு. கேட்கத்தான் ஆள் வருவதில்லை.

அம்மாவிடம் என் ஸ்தோத்திரம் சொல். கொஞ்ச நாள் போய்வந்த பிறகு எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
அக்கா