உயர்த்திய டெலிகா வேனுக்கு ஷாக் (ஷாக் அப்சார்பர்) மாற்றுவது: கேள்வி பதில்

மிட்சுபிஷி டெலிகா ஸ்டார் வேகன் ஃபோர்வீல் மாடலில் முன்னால் டார்ஷன் பார் (முறுக்கினால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டு), பின்னால் லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்). கீழே உள்ள பதில்கள் அதை வைத்தே சொல்லப்பட்டவை. இதே அமைப்புள்ள மற்ற ஃபோர்வீல் வேன்களுக்கும் வழிமுறை இதுதான். அளவுகள் மட்டும் மாறும்.

கேள்வி: அண்ணா, வண்டியை 2 அங்குலம் தூக்கியாச்சு. முன்னும் பின்னும் 2 அங்குலம் நீளமான ஷாக் வாங்கினா சரியா?

பதில்: முன்னால் வேண்டாம். டார்ஷன் பாரை முறுக்கித்தானே தூக்கினீர்கள்? முறுக்கினால் வண்டி உயரும். ஆனால் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் மேலே எதுவரை போகும், கீழே எதுவரை தொங்கும் என்பதை ரப்பர் ஸ்டாப்புகள்தான் தீர்மானிக்கின்றன. அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆர்ம் நிற்கும் நிலை மட்டும்தான் கீழே நகர்ந்திருக்கிறது. அதனால் ஒரிஜினல் நீளமே போதும். நீளமான ஷாக்கைப் போட்டால் பள்ளத்தில் இறங்கும்போது பம்ப் ஸ்டாப் (மேலே போவதை நிறுத்தும் ரப்பர்) தொடுவதற்கு முன்பே ஷாக் அடியில் முட்டிக்கொள்ளும். முன் கிராஸ்மெம்பரையே (ஆர்ம்கள் மாட்டியிருக்கும் குறுக்குச் சட்டத்தையே) கீழே இறக்கும் கிட் போட்டிருந்தால் கதை வேறு. அப்போது புதிதாக அளக்க வேண்டும்.

பின்னால் நீளம் வேண்டும். எவ்வளவு என்பதைத் தூக்கிய அங்குலத்தை வைத்துச் சொல்ல முடியாது, டேப் வைத்து அளந்துதான் சொல்ல முடியும்.

கேள்வி: அந்த அளவை எப்படி எடுப்பது? எனக்கு பின்னால் லீஃபுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் 50 மி.மீ. பிளாக் போட்டிருக்கிறது.

பதில்: மூன்று அளவு எடுங்கள். நீளம் எல்லாமே ஷாக்கின் மேல் கண்ணின் (போல்ட் நுழையும் வளையம்) நடுவிலிருந்து கீழ் கண்ணின் நடு வரை.

முதலில் வண்டி சமதளத்தில், வழக்கமான சுமையோடு நிற்கும்போது. உதாரணமாக 450 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அடுத்து பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் அது போய்த் தொடும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, 75 என்போம். ரப்பர் நசுங்குவதற்கு இன்னொரு 20. 450-இல் 95 போனால் 355. ஷாக்கின் மூடிய நீளம் இதைவிடக் குறைந்தது 10 மி.மீ. குறைவாக, அதாவது 345-க்குள் இருக்க வேண்டும்.

மூன்றாவது, சேஸிஸை ஸ்டாண்டில் ஏற்றி, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஆக்சிலை ஜாக்கில் மெதுவாக இறக்குங்கள். இறக்கும்போது உங்கள் பார்வை பிரேக் ஹோஸ் மேலேயே இருக்கட்டும். ஹோஸ் இழுபடத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். முதலில் நீளமான ஹோஸ் மாற்றிவிட்டு மிச்சத்தைப் பார்க்கலாம். தொங்கும் அளவு 550 வந்தால் 560 திறந்த நீளமுள்ள ஷாக் சரி.

ஷாக் சாய்ந்து நின்றால் ஆக்சில் 75 நகரும்போது ஷாக் அவ்வளவு நகராது. 30 டிகிரி சாய்வில் ஏறத்தாழ 0.87 பங்குதான். அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 560 திறந்த நீளத்தில் கிடைப்பதெல்லாம் மூடினால் 365 வருகிறது. 20 மி.மீ.தானே, விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது. நீளமான ஷாக் தேடும் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஸ்ட்ரோக்குக்கு (தண்டு ஓடும் தூரத்துக்கு) மேலே பிஸ்டன், வால்வு, சீல், கண் எல்லாவற்றுக்கும் ஒரு குறைந்தபட்ச நீளம் வேண்டும். அதனால் திறந்த நீளத்தைக் கூட்டினால் மூடிய நீளமும் கூடவே ஏறும்.

20 மி.மீ. அதிகமானால் வேகமாகப் பள்ளத்தில் விழும்போது பின் ஆக்சில் தரும் அடி பம்ப் ஸ்டாப்பில் போகாமல் ஷாக்குக்குள்ளேயே இறங்கும். அடி வால்வு நொறுங்கும், இல்லையென்றால் சேஸிஸில் உள்ள மேல் பிராக்கெட் வெல்டிங்கில் கிழியும். ஷாக்கைத் திரும்ப வாங்கிவிடலாம். கிழிந்த பிராக்கெட்டைச் சரிசெய்வது பெரிய வேலை.

தீர்வு எளிது. பிளாக் போட்டதால் ஆக்சில் கீழே போனது, பம்ப் ஸ்டாப் பழைய உயரத்திலேயே இருக்கிறது. அதற்கும் சேஸிஸுக்கும் நடுவில் 25 முதல் 30 மி.மீ. ஸ்பேசர் வைத்துப் போல்ட் போடுங்கள். 365 ஷாக்குக்கு இடம் கிடைத்துவிடும்.

கேள்வி: முன் ஷாக்கைக் கழற்றும்போது டார்ஷன் பார் எகிறுமா? காயில் ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஷாக் தனி, டார்ஷன் பார் தனி. சேஸிஸ் ஸ்டாண்டில் இருந்தால் ஆர்ம் இறங்கி மேல் ஆர்ம் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடும். லோயர் ஆர்முக்குக் கீழ் ஜாக் வைத்து 10, 20 மி.மீ. ஏற்றி இறக்கினால் போல்ட் துளை நேராக வரும். சுத்தியலால் அடித்து நுழைக்க வேண்டியதில்லை. பின்னால் மட்டும் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஆக்சிலின் பாரம் பிரேக் ஹோஸில் தொங்கலாம்.

கேள்வி: கனடாவில் உப்பு போட்ட ரோட்டில் ஓடிய வண்டி. முன் ஷாக்கின் மேல் நட்டைத் திருப்பினால் தண்டும் சேர்ந்து சுற்றுகிறது.

பதில்: முதல் நாள் மாலையே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் கம்பி பிரஷ்ஷால் திரெட்டைச் சுத்தம் செய்துவிட்டு, தண்டின் தலையில் உள்ள தட்டையான பகுதியைச் சின்ன ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். தட்டை தேய்ந்துபோயிருந்தால் ஹேக்ஸா போட்டு நட்டை அறுத்துவிடலாம். பழைய ஷாக் எப்படியும் குப்பைக்குத்தான். ஆனால் கேஸ் டார்ச் பக்கமே போகாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் வாயுவும் ஆயிலும் இருக்கின்றன. மோனோடியூப் (ஒற்றைக் குழாய் வகை) என்றால் அழுத்தம் 20 பாருக்கு மேலேயும் இருக்கும். அதே காரணத்துக்காக பழைய ஷாக்கை வெட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

புது ஷாக்கில் பளபளக்கும் தண்டை பிளையரால் பிடிக்கவே கூடாது. நகத்தில் தட்டுப்படும் ஒரு கீறல் போதும், ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: புது ட்வின்டியூப் (இரட்டைக் குழாய்) ஷாக்கை அமுக்கினால் முதல் பாதி காற்றுபோல இறங்குகிறது. பழுதா சார்?

பதில்: பழுதில்லை. பெட்டியில் படுத்துக் கிடந்ததில் உள் குழாயில் காற்று ஏறியிருக்கும். தண்டு மேலே இருக்க நேராக நிறுத்தி, முழுசாக இழுத்து முழுசாக அமுக்குங்கள். நான்கைந்து முறையில் வழுக்கல் போய்விடும். அதன்பின் படுக்க வைக்காமல் மாட்டுங்கள். மோனோடியூபுக்கு இது தேவையில்லை.

கேள்வி: எல்லா போல்ட்டையும் வண்டி ஜாக்கில் இருக்கும்போதே முறுக்கிவிடலாமா?

பதில்: கண் உள்ள முனைகளை முறுக்கக் கூடாது. கண்ணுக்குள் உள்ள ரப்பர் புஷ், நடுக்குழாயோடு ஒட்டியே இருக்கும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் அந்த நிலைதான் புஷ்ஷுக்கு ஓய்வு நிலை. வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரமே கிழியும். கையால் நட்டை ஏற்றி வைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரை இரண்டு மூன்று முறை அமுக்கி ஆட்டிவிட்டு, அப்புறம் மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்க அளவுக்கு) இறுக்குங்கள்.

மேல் முனையில் கண்ணுக்குப் பதில் தண்டும் நட்டும் உள்ள வகைக்கு வேறு கணக்கு. ரப்பர் பிதுங்கி வாஷரின் விளிம்பு வரை வந்தால் நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் ரப்பர் வெடிக்கும். நைலான் லாக் நட் எல்லாமே புதுசு போடுங்கள்.

கேள்வி: நான்கு ஷாக்கும் புதுசு. ஆனாலும் வேகத்தடை தாண்டி இறங்கும்போது முன்னால் 'டொக்' சத்தம்.

பதில்: ஷாக்கைக் குறை சொல்ல வேண்டாம். வண்டி தரையில் நிற்கும்போது மேல் ஆர்முக்கும் அதன் கீழ் ஸ்டாப்புக்கும் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழையவில்லை என்றால் டார்ஷன் பாரை அளவுக்கு மேல் முறுக்கியிருக்கிறீர்கள். சக்கரம் கொஞ்சம் இறங்கியதுமே ஆர்ம் ஸ்டாப்பில் அடிக்கிறது. டிரைவ் ஷாஃப்ட்டின் சிவி ஜாயிண்டும் அந்தக் கோணத்தில் சீக்கிரம் தேயும். சக்கரத்தைத் தூக்கிவிட்டு இரண்டு பக்கமும் அட்ஜஸ்டர் போல்ட்டைச் சமமாக இளக்குங்கள். பிறகு சிறிது தூரம் ஓட்டி, உயரத்தை அளந்து, அலைன்மென்ட் பாருங்கள். வெறும் ஷாக் மாற்றினால் அலைன்மென்ட் தேவையில்லை, உயரம் மாறினால் கட்டாயம் தேவை.

கேள்வி: உள்ளே கட்டில், தண்ணீர் டேங்க் எல்லாம் சேர்த்து 300 கிலோ நிரந்தரமாக ஏற்றியிருக்கிறேன். கடினமான ஷாக் போட்டால் பின்புறம் தாழாது அல்லவா?

பதில்: தாழும். வண்டியின் எடையைத் தாங்குவது லீஃப்தான். ஷாக் அசைவை அடக்கும், அவ்வளவே. முதலில் ஒரு லீஃப் கூட்டுங்கள், பிறகு அந்த ஸ்பிரிங்குக்கு ஏற்ற ரீபவுண்ட் (விரியும்போது தரும் தடை) உள்ள ஷாக் வாங்குங்கள். காலி வண்டியில் கடினமான ஷாக் போட்டால் கரடுமுரடான ரோட்டில் டயர் தரையை விட்டுத் துள்ளும்.

கேள்வி: மாற்றியபின் எதைச் சரிபார்க்க வேண்டும்?

பதில்: 200 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டும் மறுபடி பாருங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி, முன் ஷாக்கில் ஹோஸ் உரசிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பின் ஆக்சிலில் பிரேக் அழுத்த வால்வுக்கு லிங்க் இருந்தால் அதையும் பாருங்கள்: வண்டியைத் தூக்கியதால் அது 'சுமை இல்லை' என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பிளாக்கின் அளவுக்கு சேஸிஸ் பக்கமுள்ள அதன் பிராக்கெட்டைக் கீழே இறக்க வேண்டும். கற்கள் நிறைந்த பாதையில் அரை மணி ஓட்டிவிட்டு நான்கு ஷாக்கையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மூன்று சூடாகவும் ஒன்று குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை. வாரண்டி இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.