அம்மாவின் படம் அசல் அளவில் கிடைக்குமா?

கேள்வி: அம்மா வாய்விட்டுச் சிரிக்கும் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. சித்தி மகன் எடுத்து முகநூலில் போட்டது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரிண்ட் போட்டு மாட்டலாம் என்று கொடுத்தேன். முகம் மங்கிப்போய் வந்தது. முழு அளவில் எடுக்க வழி உண்டா? - ஒரு வாசகி

பதில்: உண்டு. அந்த ஸ்கிரீன்ஷாட்டை முதலில் விட்டுவிடுங்கள். அதில் இருப்பது உங்கள் போன் திரையில் தெரிந்த அளவுதான். முகநூலில் படத்தைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் உள்ள டவுன்லோடை அழுத்துங்கள். நீளமான பக்கம் 2048 பிக்சல் வரை கிடைக்கலாம். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது கணக்கு. 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1800 போதும், கவலையில்லை. 8க்கு 10 என்றால் 3000 வேண்டுமே, அங்கேதான் இடிக்கும்.

எக்ஸ் தளத்துப் படத்தைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். கணினியில் படத்தைத் தனி டேபில் திறந்தால், முகவரியின் கடைசியில் 'ஸ்மால்' அல்லது 'மீடியம்' என்று இருக்கும். அந்தச் சொல்லை அழித்துவிட்டு ஓ, ஆர், ஐ, ஜி என்ற நான்கு எழுத்துகளை அடியுங்கள். தளத்தில் இருப்பதிலேயே பெரிய படம் வரும்.

ஆனால் உங்களுக்கு வேண்டிய அசல் முகநூலில் இல்லை. ஏற்றும்போதே அது சுருக்கிவிடுகிறது. எடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும். என் அப்பா படத்துக்காக நான் ஒரு வாரம் இணையத்தில் அலைந்தேன். ஏஐ செயலியில் போட்டும் பெரிதாக்கினேன். பளிச்சென்றுதான் வந்தது, ஆனால் புருவத்தின் மேலிருந்த தழும்பைக் காணோம். இல்லாத நுணுக்கத்தை அது ஊகித்து வரைகிறது. அந்த முகத்தை வீட்டில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் அண்ணனின் பழைய மெமரி கார்டில் அசல் கிடைத்தது. தழும்பு மட்டுமல்ல, சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவின் கிளிப் வரை தெரிந்தது. அன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சித்தி மகனுக்கு இன்றே போன் போடுங்கள். இதற்குள் போனை மாற்றியிருந்தால், பழைய போனிலும் கிளவுடிலும் தேடச் சொல்லுங்கள். கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்ப வேண்டாம், அதுவும் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.