சி.ஆர்.பி. கூடினால் சர்க்கரை நோய் வருமா?

கேள்வி: அப்பச்சிக்கும் ஆயாவுக்கும் சர்க்கரை நோய் உண்டு. எனக்குச் சர்க்கரை சரியாக இருந்தும், இரத்தத்தில் சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் புரதம்) சற்றுக் கூடுதலாக உள்ளது. அஞ்ச வேண்டுமா?
வாசகி, காரைக்குடி

பதில்: அஞ்ச வேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்க, அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் சி.ஆர்.பி.யை உண்டாக்குகிறது, அதே பொருள்கள் இன்சுலினின் வேலைக்கும் தடையாகின்றன. இன்டர்லூக்கின்-6, சி.ஆர்.பி. ஆகியவை மிகுந்திருந்த பெண்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு கூடுதலாக வந்ததை 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆயினும் ஈறு வீக்கம், சளிக்காய்ச்சல் ஆகியவற்றாலும் சி.ஆர்.பி. உயரும் என்பதால், உடல் நலமாக இருக்கும்போது சில வாரங்கள் கழித்து மீண்டும் பாருங்கள். உங்கள் குடும்ப வரலாற்றுக்கு கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையே முதன்மையானது என்பேன்; அது நீரிழிவுக்கு முந்தைய நிலையான 5.7 முதல் 6.4 விழுக்காடு வரை இருந்தால், மருத்துவரைக் கலந்து, இடுப்புச் சுற்றளவைக் குறைக்கத் தொடங்குங்கள். விசேட வீடுகளில் கந்தரப்பம் போன்ற இனிப்பு ஒன்று போதும்.