செம்மறிக்கு வரும் ஸ்கிரேப்பி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அறுப்பு முடிந்த நாஞ்சில் நாட்டு வயல்களில் கிடை போடும் நேரம். ஸ்கிரேப்பி என்ற மூளை நோயைப் பற்றி ஆடு வளர்க்கிறவர்கள் கேட்டவற்றுக்கு, கால்நடை மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தோவாளை வாசகர்: டாக்டர், ஏழு மாதக் குட்டி இரண்டு சுவரில் உரசி உரசி மயிர் கொட்டிவிட்டது. ஸ்கிரேப்பியா?

பயப்படாதீர்கள். அந்த நோய் பெரும்பாலும் 2 முதல் 5 வயது ஆட்டில்தான் வெளியே தெரியும். உரசலோடு நடை தள்ளாடும், தின்றாலும் உடம்பு மெலியும். முதலில் மயிரை விலக்கித் தோலைப் பாருங்கள். செள்ளும் சொறியும்தான் நம் பக்கத்தில் அதிகம். குட்டிகளை மருந்தகத்தில் காட்டிவிடுங்கள். நம் நாட்டில் ஸ்கிரேப்பி இருந்ததாக 1961இல் இமயமலை அடிவார ஆடுகளில் பதிவாகியிருக்கிறது.

ஆரல்வாய்மொழி வாசகர்: ஒரே கிடையில் ஒரு ஆட்டுக்கு வருகிறது, பக்கத்து ஆட்டுக்கு வருவதில்லை. ஏன் டாக்டர்?

நல்ல கேள்வி. ஸ்கிரேப்பியை உண்டாக்கும் பிரியான் என்பது பாக்டீரியாவோ வைரஸோ அல்ல, மடிப்பு மாறிப்போன புரதம். அதே புரதம் நல்ல வடிவத்தில் எல்லா ஆட்டின் மூளையிலும் இருக்கிறது. கெட்டது வந்து சேர்ந்தால் நல்லதையும் தன்னைப்போல் மடித்துவிடும். அப்படி எளிதில் மடியுமா என்பதை, அந்தப் புரதத்துக்கான மரபணுவில் 136, 154, 171 என்ற மூன்று இடங்கள் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அந்த இடங்களில் வரிசையாக அலனின், ஆர்ஜினின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கட்டும் துண்டுகள், இருந்தால் ஏஆர்ஆர் என்பார்கள். தாயிடமிருந்தும் கிடாவிடமிருந்தும் இதே வகை வந்த ஆட்டுக்கு வழக்கமான ஸ்கிரேப்பி அநேகமாக வராது. 136இல் வாலின், 171இல் குளூட்டமின் உள்ள விஆர்க்யூ வகை இரண்டு பக்கமும் வந்தால் ஆபத்து மிக அதிகம்.

அதே வாசகர்: அப்படியானால் இது பரம்பரை நோய்தானே?

இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மந்தைகளிலும் விஆர்க்யூ உண்டு. ஆனால் அங்கே வழக்கமான ஸ்கிரேப்பி இல்லை, கெட்ட புரதம் உள்ளே வராததால். நோயுள்ள ஆடு ஈனும்போது விழும் நஞ்சுக்கொடி வழியாகத்தான் அது அதிகம் பரவும். அதனால் எந்த ஆடு ஈன்றாலும் கொடியை மற்ற ஆடுகள் நக்குவதற்குள் எடுத்துவிடுங்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது.

குலசேகரம் வாசகர்: ஏஆர்ஆர் கிடா மட்டும் வாங்கி விடலாமா?

பிரிட்டன் 2001இல் அந்த வழியில் இறங்கியது. ரத்தம் எடுத்தே வகையைச் சொல்லிவிடலாம். ஆனால் நம் செவ்வாட்டில் அந்த ஒன்றுக்காக நல்ல கிடாக்களைக் கழிப்பது எனக்குச் சம்மதமில்லை. வெயில் தாங்குவது, நடைத்திறன் எல்லாம் போய்விடும். மேலும் 1998இல் நார்வேயில் கண்ட இன்னொரு வகை ஸ்கிரேப்பி, ஏஆர்ஆர் ஆட்டையும் பிடிக்கிறது.

தக்கலை வாசகி: வெள்ளாட்டுக்கும் இதே கணக்கா சார்?

அதற்கு இடங்கள் வேறு அம்மா. 146, 222 ஆகிய இடங்களில் வரும் சில மாற்றங்கள் வெள்ளாட்டைக் காக்கும். செம்மறிக்கான சோதனை முடிவை அப்படியே அதற்குப் பொருத்தாதீர்கள்.