பழைய பாக்கெட் ரிவால்வரில் உள்ள சித்திர வேலை அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கோல்ட் (Colt) நிறுவனத்தின் 1849 மாடல் பாக்கெட் ரிவால்வரில், குண்டு போடும் சுழல் உருளையான சிலிண்டரில் குதிரை வண்டியைக் கொள்ளையர் மறிக்கும் காட்சி இருக்கும். அது கைவேலை அல்ல. வாட்டர்மேன் ஆர்ம்ஸ்பி என்ற செதுக்குக் கலைஞர் வெட்டிய அச்சை எஃகில் உருட்டி அழுத்தியது. 3 லட்சத்துக்கும் மேல் தயாரான மாடல், சாதாரணத் துப்பாக்கியிலும் அதே படம்தான். அதைக் காட்டி யாராவது கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

உண்மையான கைவேலை உடல்பகுதியிலும் குழலிலும் கொடிச்சுருளாக ஓடும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். விளிம்புகள் மழுங்கியிருக்க, கோடுகள் மட்டும் கூர்மையாக நின்றால் பிற்பாடு வெட்டியதாகவே இருக்கும். துருக்குழிக்குள்ளும் உளி இறங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பாகங்களின் வரிசை எண்கள் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். வாங்கிய பிறகு பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள். மெல்லிய கோடுகள் அதில்தான் முதலில் அழியும்.