அடைப்பான் நோயால் இறந்ததாகச் சந்தேகிக்கப்படும் மாட்டை ஏன் பிரேதப் பரிசோதனைக்காக அறுக்கக் கூடாது?

அடைப்பானை (ஆந்த்ராக்ஸ்) உண்டாக்கும் பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் என்னும் பாக்டீரியா, உயிருள்ள மாட்டின் உடலுக்குள் வித்துகளாக (கடின உறை கொண்ட உறங்குநிலை வடிவமாக) மாறுவதில்லை. உடலை அறுத்து இரத்தத்தில் காற்றுப் படும்போதுதான், மண்ணில் பல பத்தாண்டுகள் தாங்கக்கூடிய வித்துகள் உருவாகின்றன. அறுக்கப்படாத உடலிலோ, அழுகல் தொடங்கியதும் பெரும்பாலான கிருமிகள் சில நாட்களில் தாமாகவே அழிந்துவிடும். ஆகவே, மாடு திடீரென இறந்து, மூக்கு, ஆசனவாய் வழியே உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசிந்திருந்தால், கத்தியை எடுக்காமல், காதிலுள்ள சிரையிலிருந்து (இரத்தக் குழாயிலிருந்து) ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, பாலிகுரோம் மெத்திலீன் நீலத்தால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதே முறை. சதுர முனையுள்ள நீலக் கோல்களைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரிவதை மெக்ஃபேடியன் வினை என்பர். கால்நடை மருத்துவத் தேர்வில் பலரும் மண்ணீரல் வீக்கத்தையே இந்நோயின் முதல் அடையாளமாக எழுதுகிறார்கள். ஆனால் உடலைத் திறக்காமல் அதைக் காண முடியாது. இறந்த உடலை அப்புறப்படுத்த, புதைப்பதைவிட முழுமையாக எரிப்பதே பாதுகாப்பானது.