இரண்டு மணி நேரம் பத்து நிமிடம்

வணக்கம் சார்,

"காத்திருப்பதும் ரைடில் ஒரு பகுதிதான்" என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். படித்தபோது தலையாட்டினேன். போன வாரம் குழந்தைகளோடு ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போய் வந்தபின் அந்தத் தலையாட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு ரோலர்கோஸ்டருக்கு இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் நின்றோம். ரைடு மூன்று நிமிடம்கூட இல்லை. நுழைவாயிலில் இருந்த பலகை எழுபத்தைந்து நிமிடம் என்றது. நடுவில் ஒரு தடவை வரிசை அப்படியே உறைந்துவிட்டது. ஏன் என்று சொல்ல ஆள் இல்லை. பக்கத்திலேயே இன்னொரு பாதை. கூடுதல் பணம் கட்டியவர்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போனார்கள். "நாமும் கட்டியிருக்கலாமே அம்மா" என்று பதினொரு வயது மகன் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. சுவரெல்லாம் பொம்மையும் படமும் வைத்திருந்தார்கள். பத்து நிமிடத்துக்குமேல் அதில் பார்க்க ஒன்றுமில்லை.

இன்னொன்று. வீட்டுக்கு வந்ததும் என் மகள் (எட்டு வயது) பாட்டிக்கு போன் போட்டு அரைமணி நேரம் பேசினாள். ரைடைப் பற்றி ஒரே வரி. மீதியெல்லாம் வரிசையில் அவளும் அண்ணனும் தொப்பி எண்ணி விளையாடிய கதை. சிவப்புத் தொப்பிக்கு ஒரு மதிப்பெண், யாராவது தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தால் மூன்று, இப்படி ஏதேதோ. அவ்வளவு செலவு செய்து போன ரைடு அவள் மனதில் நிற்கவே இல்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

வரிசையில் நிற்பதை உண்மையிலேயே ரசிக்க முடியுமா? இல்லை, வேறு வழியில்லாமல் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த வரியை நான் எழுதியது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. நின்றுகொண்டு எழுதியிருந்தால் "சில சமயம்" என்றாவது சேர்த்திருப்பேன். ஆனாலும் அதை முழுசாக வாபஸ் வாங்கப் போவதில்லை. எனக்கான சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் புகார்கள் எல்லாமே நியாயமானவை, புதியவையும் அல்ல. டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-இல் காத்திருப்பின் உளவியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லப்படாத காத்திருப்பு நீளமாகத் தோன்றும். நியாயமற்றதும் அப்படியே. சும்மா நிற்பதும், தனியாக நிற்பதும்கூட. இதில் முதல் மூன்றும் உங்களுக்கு ஒரே நாளில் வாய்த்திருக்கின்றன. கடைசி இரண்டில் நீங்கள் தப்பித்தீர்கள், அதுவும் பிள்ளைகள் புண்ணியத்தில்.

அந்தப் பலகை விஷயம் விசித்திரமானது. பல பார்க்குகளில் நேரத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் போடுவார்கள். அறுபது என்று போட்டு நாற்பத்தைந்தில் ஏற்றிவிட்டால் ஏதோ லாபம் வந்ததுபோல் சிரித்துக்கொண்டே ஏறுவோம் இல்லையா, அதற்காக. உங்கள் பார்க் தலைகீழாகச் செய்திருக்கிறது. பலகை எழுதிய பிறகு ரைடு ஏதாவது கோளாறில் நின்றிருக்கும். டிஸ்னி பார்க்குகளில் இந்த நேரத்தை அளக்கப் பல காலமாக ஓர் எளிய வழி உண்டு. வரிசையின் வாலில் நுழையும் ஒருவரிடம் ஒரு சிவப்பு அட்டையைக் கொடுப்பார்கள். அவர் ஏறுமிடத்தில் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது எவ்வளவு நேரம் ஆனது என்று கணினிக்குத் தெரிந்துவிடும். அந்த அட்டை கையில் வந்தால் குழந்தைகளிடம் கொடுத்துவிடுங்கள். ஓர் அரசாங்க ரகசியத்தைச் சுமப்பவர்களைப் போல மாறிவிடுவார்கள்.

பலகையை நம்பாமல் நாமே கணக்குப் போடலாம். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது, பேரே லிட்டில் விதிதான். வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்களோ அதை, மணிக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் வந்துவிடும். 24 பேர் உட்காரும் வண்டி நிமிடத்துக்கு ஒன்று புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 1440 பேர். உங்களுக்கு முன்னால் 720 பேர் நின்றால் அரைமணி நேரத்தில் ஏறிவிடலாம்.

இப்போது உங்கள் மகனுடைய கேள்விக்கு வரலாம். அதே வண்டியில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கை பணம் கட்டிய பாதைக்கு என்று வைப்போம் (இதுவும் என் கணக்குதான், எந்த பார்க்கின் கணக்கும் இல்லை). உங்கள் வரிசைக்கு மணிக்கு 480 இருக்கைதான் மிச்சம். அதே 720 பேர் இப்போது ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். அதாவது பக்கத்துப் பாதையில் போகிறவர் உங்களைத் தாண்டிப் போவதோடு முடியவில்லை. அவர் மிச்சப்படுத்தும் நேரம் வானத்திலிருந்து வருவதில்லை, உங்கள் வரிசையிலிருந்து எடுக்கப்படுகிறது. டிஸ்னி 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற விரைவுப் பாதைச் சீட்டைக் கொண்டுவந்தபோதும் இதே கணக்குதான் ஓடியது. ஆனால் அது இலவசம். காலையில் சுறுசுறுப்பாக ஓடினால் யாருக்கும் கிடைக்கும். 2021-இல் அதை நிறுத்திவிட்டுப் பணம் கட்டும் பாதையை வைத்தார்கள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வரிசைகளையே வாழ்நாள் படிப்பாக வைத்துக்கொண்ட ரிச்சர்ட் லார்சன் 1987-இல் எழுதியதும் இதைத்தான்: பின்னால் வந்தவர் முன்னால் போனால் வரும் கசப்பு, காத்திருக்கும் நிமிடக் கணக்கில் அடங்குவதில்லை. எனவே உங்கள் மகனிடம் நான் சொல்லக்கூடியது, "கட்டியிருக்கலாம்டா, ஆனால் பின்னால் நிற்பவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பார்கள்" என்பதுதான். பதினொரு வயதுக்கு வகுத்தல் தெரியும். புரிந்துகொள்வான். அதன்பிறகும் கட்டலாம் என்று சொன்னால் அது அவன் முடிவு. நானே இரண்டு முறை கட்டியிருக்கிறேன், திரும்பிப் பார்க்காமல் நடந்தும் போயிருக்கிறேன். வெட்கமாக இருந்ததால்தான் திரும்பிப் பார்க்கவில்லை. உங்களைத் தாண்டிப் போனவர்களில் ஒருவருக்காவது அப்படி இருந்திருக்கும்.

சுவர்ப் பொம்மைகளுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பார்ப்பதற்காக மட்டும் வைத்த பொருள் பத்து நிமிடத்தில் செத்துவிடும். நீங்கள் சரியாகவே அளந்திருக்கிறீர்கள். கைக்கோ மூளைக்கோ ஏதாவது வேலை கொடுத்தால்தான் அது உயிரோடு இருக்கும். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1995-இல் திறந்த இண்டியானா ஜோன்ஸ் ரைடின் வரிசை, ஒரு பழைய கோயிலுக்குள் போவதுபோல் நீளமாகப் போகும். சுவரில் விநோதமான எழுத்துகள். ஒவ்வொரு குறியும் எந்த ஆங்கில எழுத்து என்று கண்டுபிடித்துவிட்டால் வாசிக்கலாம். வழியில் கூரையைத் தாங்கி நிற்பதுபோல் ஒரு மூங்கில் கம்பு. அதை அசைத்தால் கூரை இறங்குவதுபோல் மேலே முறியும் சத்தம் கேட்கும். இந்த மாதிரி இடத்தில் உண்மையான வேடிக்கை கம்பில் இல்லை. விஷயம் தெரிந்தவர்கள், தெரியாதவர் ஒருவர் அதில் கை வைக்கக் காத்திருப்பார்களே, அதில்தான்.

சின்னக் குழந்தைகளுக்கு இதுவும் போதாது. ஃபுளோரிடாவில் பறக்கும் யானை ரைடான டம்போவை 2012-இல் மாற்றி அமைத்தபோது வரிசையையே கலைத்துவிட்டார்கள். ஒரு கூடாரம், உள்ளே சறுக்குமரமும் ஏணிகளும். கையில் ஒரு கருவியைக் கொடுத்துவிட்டார்கள், முறை வந்தால் அது அதிர்ந்தது. பிள்ளைகள் விளையாடினார்கள், பெற்றோர் உட்கார்ந்தார்கள். சில குழந்தைகள் ரைடுக்கு வரமாட்டேன், கூடாரத்திலேயே இருக்கிறேன் என்று அழுதிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆனால் பெரியவர்களுக்கு, அதுவும் பயமுறுத்தும் ரைடுக்கு, வரிசையைக் கலைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஒருமுறை கூட்டமே இல்லாத ஒரு நாளில் போனேன். காலையில் மழை பெய்ததால் யாரும் வரவில்லை. பெரிய ரோலர்கோஸ்டர், வாசலிலிருந்து நேராக நடந்து போய் உட்கார்ந்தேன். இறங்கினேன், திரும்பி நடந்து மறுபடி உட்கார்ந்தேன். ஐந்து முறை. ஐந்தாவது முறை, முதல் ஏற்றத்தின் உச்சியில், கொட்டாவி விட்டேன். பொய்யில்லை. அடுத்த ஆண்டு அதே ரைடுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் நின்றேன். அலறல் சத்தம் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தலைக்குமேல் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைப்பதும், மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டு தண்டவாளத்தை அண்ணாந்து பார்ப்பதுமாக இருந்தார். அவருடைய பயம் எனக்குத் தொற்றியது. என்னுடையது எனக்குப் பின்னால் நின்றவருக்குப் போயிருக்க வேண்டும். வண்டியில் ஏறும்போது கால் நடுங்கியது. அதே தண்டவாளம், அதே வேகம். அந்த ஒரு மணி நேரம்தான் வித்தியாசம்.

அமித் குமாரும் வேறு இருவரும் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. பொருள் வாங்கக் காத்திருப்பவர்களைவிட, அனுபவத்துக்காகக் காத்திருப்பவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. வரிசைகளைப் பற்றி வந்த செய்திகளையும் எடுத்துப் பார்த்தார்கள். பொருளுக்காக நின்றவர்கள் அடித்துக்கொண்டது அதிகம், அனுபவத்துக்காக நின்றவர்கள் நல்ல மனநிலையில் இருந்தது அதிகம். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. டிவி வாங்க நிற்பவருக்கு முன்னால் நிற்பவர் போட்டியாளர். ரோலர்கோஸ்டருக்கு நிற்பவருக்கு முன்னால் நிற்பவர், தனக்கு முன்னால் சாகப் போகிறவர். பரிவு வரத்தானே செய்யும்?

இதெல்லாம் எல்லா வரிசைக்கும் பொருந்தும் என்று சொல்லவே மாட்டேன். 2019 ஜூனில் ஆர்லாண்டோ யூனிவர்சலில் ஒரு புதிய ரோலர்கோஸ்டர் திறந்த அன்று பத்து மணி நேரம் நின்றார்கள். அதை ரசிப்பது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். நிழல் இல்லை, கைக்குழந்தை இருக்கிறது, முழங்கால் வலி, கழிப்பறை எங்கே என்று தெரியவில்லை என்றால் தத்துவம் எதுவும் வேண்டாம், வெளியே வந்துவிடலாம். நான் ஒருமுறை ஒரு மணி நாற்பது நிமிடம் நின்றபிறகு "இன்று இனி ஓடாது" என்றார்கள், அதுவும் ஏன் என்று சொல்லாமல். பார்க்கின் பெயர் வேண்டாம். அங்கே நான் பட்டது கோபம் மட்டும்தான், அதில் ரசிக்க எள்ளளவும் இல்லை. இன்னொருமுறை பாதியில் நானாகவே வெளியேறினேன். மடிந்து மடிந்து போகும் வரிசையில் எதிர்த்திசையில் நடப்பது சாதாரண வேலை இல்லை. ஒவ்வொருவரும் ஒதுங்கி வழிவிட்டு, துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

சரி, சாட்சிக்கு வருகிறேன். உங்கள் மகள் ரைடைப் பற்றி ஒரே வரிதான் சொன்னாள் என்று வருத்தப்படுகிறீர்கள். மூன்று நிமிட ரைடைப் பற்றி ஒரு குழந்தை பாட்டியிடம் வேறு என்ன சொல்ல முடியும்? மேலே போச்சு, கீழே வந்துச்சு, கத்தினேன். பாதி நேரம் கண்ணை மூடியிருப்பாள். தொப்பி விளையாட்டில்தான் விதிகள் இருந்தன, அண்ணனோடு தகராறு இருந்தது, தலையைச் சொறிந்த யாரோ ஒரு மாமா இருந்தார். அரைமணி நேரம் பேசலாம்.

சமாதானம்தானா என்று கேட்டீர்கள். உங்களைப் பொறுத்தவரை, ஆமாம், பெரும்பகுதி சமாதானம்தான். பையைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைக் கேட்டபோதெல்லாம் எடுத்துக்கொடுத்து, "இன்னும் எவ்வளவு நேரம்" என்ற கேள்விக்கு இருபது தடவை பதில் சொன்னவர் நீங்கள். உங்கள் இரண்டு மணி நேரமும் உங்கள் மகளுடைய இரண்டு மணி நேரமும் ஒன்றல்ல. அவளிடம் யாரும் ரசிக்கச் சொல்லவில்லை, அவள் ரசித்திருக்கிறாள். கைப்பேசியில் பேட்டரி தீர்ந்த பிறகுதான் அந்த விளையாட்டு தொடங்கியது என்பது என் ஊகம். தவறென்றால் திருத்துங்கள்.

அப்புறம் அவளிடம் ஒரு சந்தேகம் கேட்டுச் சொல்லுங்கள். மடிந்து போகும் வரிசையில் அதே ஆட்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மறுபடி மறுபடி எதிரே வருவார்கள். அப்படியென்றால் அதே சிவப்புத் தொப்பி இரண்டாவது முறை வந்தால் மதிப்பெண் உண்டா, இல்லையா?

அன்புடன்.